கெம்பனள்ளி காணாமல் போன மத்தியானம்

ரஞ்சிதா ஓசூருக்கு வேலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் பிறந்த அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் ஊருக்கு ஒரு பெயர்தான். இங்கே ஒரே ஊரைக் கன்னடக்காரர் ஒரு விதமாகவும் தெலுங்குக்காரர் ஒரு விதமாகவும் சொல்வார்கள். பஸ்ஸின் நெற்றியில் ‘அள்ளி’ என்று இருக்கும், இறங்கினால் பஞ்சாயத்துப் பலகையில் ‘பள்ளி’ என்று இருக்கும். கேட்டால், “எல்லாம் ஒண்ணுதான் மேடம்” என்பார்கள். அந்தப் பதிலை அவள் நம்பிப் பழகிவிட்டாள்.

சிப்காட் பக்கம் ஒரு பேரிங் கடைக்கு மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த கம்பெனி. மொத்தமே ஏழெட்டுப் பேர். ஃபேக்டரிகளுக்கு வருகைப்பதிவு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு வேலையும் உண்டு. சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர்களில் யானை நடமாட்டத்தைச் சொல்லும் ஓர் அறக்கட்டளைக்கு அவர்கள்தான் டேட்டாபேஸ் நடத்தினார்கள். காட்டோரத்தில் திரியும் காவல் ஆள் யானையைப் பார்த்ததும் தன் போனில் ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்து அழுத்துவார். அந்த ஊரில் பெயர் கொடுத்திருக்கும் அத்தனை பேருக்கும் போன் அடிக்கும். எடுத்தால் கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்றிலும் ஒரு பெண் குரல், யானை எந்தத் திசையில் இருக்கிறது, வெளியே போகவேண்டாம் என்று சொல்லும்.

மார்கழியில் அந்தப் போன்கள் ஓயாது. ராகி அறுத்து, கொல்லை என்று இங்கே சொல்லும் வயலில் குவித்திருக்கும் காலம். கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கி வரும் யானைக் கூட்டம் பகலெல்லாம் சானமாவில் நின்றுவிட்டு, பொழுது சாயும்போது வாசம் பிடித்துக்கொண்டு வெளியே வரும்.

அன்று காலையில் முதலாளி விஜயகுமார் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கும் மாம்பழக்கூழ் கம்பெனிக்காரர்களுக்கு மூன்று மணிக்குத் திரையில் எல்லாவற்றையும் காட்டவேண்டும்.

“ரஞ்சிதா, ஊர் லிஸ்டைப் பாத்தியா? ஒரே ஊரு மூணு எழுத்துல நிக்குது. பாக்கறவன் சிரிப்பான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிடு.”

“இன்னைக்கேவா சார்? ஒவ்வொண்ணா விசாரிச்சுத்தான் பண்ணணும்.”

“விசாரிக்க என்ன இருக்குது? அள்ளின்னா பள்ளி. பண்ணிடு.”

காரை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

டேட்டாபேஸில் இரண்டு அட்டவணைகள் முக்கியமானவை. ஒன்றில் ஊர்கள், மற்றொன்றில் ஆட்களும் அவர்களுடைய போன் எண்களும். ஒவ்வொரு ஆளும் ஏதாவது ஓர் ஊரைக் கைகாட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது விதி. இல்லாத ஊரைக் கைகாட்டினால் அந்த ஆளை டேட்டாபேஸ் உள்ளே விடாது. ரஞ்சிதாவுக்கு இந்த விதிகளின் மேல் பெரிய மரியாதை உண்டு. மனிதர்கள் அசந்துபோவார்கள், அவசரப்படுவார்கள், மேலாளருக்குப் பயப்படுவார்கள். விதி எதற்கும் அசராது. அவளே எழுதிய வருகைப்பதிவு சாஃப்ட்வேரில், ஆட்கள் இருக்கும் ஒரு டிபார்ட்மென்டை யாராவது அழிக்கப் பார்த்தால், முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும்.

ஆகவே அவள் முறையாகத்தான் ஆரம்பித்தாள். இரட்டைப் பெயர் ஒன்றைக் கண்டால், தப்பான எழுத்தில் இருப்பவர்களைச் சரியான எழுத்துக்கு மாற்றுவாள். பிறகு காலியான பெயரை அழிப்பாள். அடுத்தது. மத்தியானம் வரை அப்படியே போயிற்று. கெம்பனப்பள்ளி, கெம்பனள்ளி என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்தபோது ஒரு ஃபேக்டரியிலிருந்து போன். ஷிஃப்ட் மாறும் நேரம், கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை, கேட்டில் கூட்டம் நிற்கிறது என்று ஓர் ஆள் கத்தினார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவருக்குப் பதில் சொல்லியபடியே, ஆட்களை மாற்றாமல், கெம்பனள்ளியை அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். யாராவது இருந்தால் மறுக்கத்தானே போகிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுக்கவில்லை. ஒரு வரி நீக்கப்பட்டது என்று மட்டும் வந்தது. சரி, காலியாகத்தான் இருந்திருக்கிறது என்று அவள் அடுத்த ஊருக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு லிஸ்ட் பளிச்சென்று இருந்தது. விஜயகுமார் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். அப்போதே அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று சரியில்லை. டீ குடித்தாள், ஆறிப்போன மாதிரி இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், கீழே கம்பெனி பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன, திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதை மறந்தோம் என்று தெரியாமல் எதையோ மறந்துவிட்ட தவிப்பு.

நாலரை மணி சுமாருக்கு சென்னகிருஷ்ணன் கூப்பிட்டார். காட்டோரத்தில் மோட்டார்சைக்கிளில் சுற்றும் காவல் ஆள் அவர். வழக்கமாக நிதானமாகப் பேசுகிறவர்.

“மேடம், சென்னகிருஷ்ணன் பேசறங்க. கூட்டம் காட்டை விட்டு எறங்குதுங்க, குட்டியோட. போன்ல கெம்பனள்ளியத் தேடறன், வரவே மாட்டேங்குது.”

“அது கெம்பனப்பள்ளின்னு இருக்கும் அண்ணே. ரெண்டு தடவ இருந்துச்சு, ஒண்ணாக்கிட்டேன். அதையே போடுங்க.”

“ஐயோ, அது வேற இது வேறங்க மேடம்.”

“என்ன சொல்றீங்க?”

“கெம்பனப்பள்ளி ரோட்டோரம் இருக்குது. கெம்பனள்ளி உள்ளாற ஏரிக்கரைல, காட்டை ஒட்டினாப்ல. யானை இங்கதான வருது. அங்க இருக்கறவங்களுக்குப் போன் அடிச்சு நான் என்ன பண்ணட்டும்?”

ரஞ்சிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அண்ணே, அந்த ஊர்ல பேர் குடுத்தவங்க இருக்காங்களா?”

“ஊரே குடுத்திருக்குதுங்க. இன்னைக்குக் காலைல கூட அறக்கட்டளை சக்தி வந்து பொம்பளைங்க நம்பரெல்லாம் வாங்கிட்டுப் போச்சே.”

ஆட்கள் அட்டவணையைத் திறந்து தேடினாள். கெம்பனள்ளி என்று யாருமே இல்லை. டேட்டாபேஸ் அந்த ஊருக்குக் கொடுத்திருந்த எண்ணைப் போட்டுத் தேடினாள். இல்லை. அப்போதுதான் அட்டவணை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையே போய்ப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் ஹரீஷ்குமார், இப்போது பெங்களூரில் இருக்கிறான். அவன் விதியை வேறு மாதிரி வைத்திருந்தான். ஊரை அழித்தால் மறுக்காதே, அந்த ஊரைக் கைகாட்டும் ஆட்களையும் சேர்த்து அழித்துவிடு. அந்த ஆட்களைக் கைகாட்டும் செய்திப் பதிவுகளையும் அழித்துவிடு. சோதனைக்காகச் சேர்த்த ஊர்களை ஒரே தட்டில் துடைக்க அவனுக்கு அது வசதியாக இருந்திருக்கும். சங்கிலி போல ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் போயிருந்தன. கணக்கில் காட்டியது முதல் வரியை மட்டும்தான்.

யாருக்காவது போன் போய் அவர்கள் எடுக்கவில்லை என்றால் திரையில் சிவப்பாகக் காட்டும். இல்லாமலே போன ஆளுக்குப் போகாத போனை எந்த நிறத்திலும் காட்டாது. திரை முழுக்கப் பச்சையாக இருந்தது.

“அண்ணே, நீங்க வண்டிய எடுத்துட்டு நேரா ஊருக்குள்ள போங்க. வாயால சொல்லுங்க. ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க.”

“நான் இருக்கறது மேட்டுலங்க. சுத்திக்கிட்டு எறங்கணும். சரி, போறன்.”

பழைய பிரதி ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் ஊரடங்கிய பிறகு டேட்டாபேஸ் முழுவதையும் வேறொரு மெஷினுக்கு நகல் எடுத்து வைப்பார்கள். அதன் பாஸ்வேர்டு விஜயகுமாரிடம். கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். கிருஷ்ணகிரியில் கூழ் கம்பெனிக்காரர்களோடு காபி குடித்துக்கொண்டிருப்பார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். அறக்கட்டளையின் களப்பணியாளர் சக்திக்குப் போன் போட்டாள். கெலமங்கலத்துப் பெண் அவள், சந்துபொந்தெல்லாம் தெரிந்தவள்.

“சக்தி, எங்க இருக்க?”

“ஓசூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட. ஏங்க்கா?”

“வண்டிய எடுத்துக்கிட்டு ஆபீஸ் வாசலுக்கு வா. கெம்பனள்ளிக்குப் போகணும். காலைல நீ எடுத்த நம்பரை எல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?”

“இல்லக்கா, நேரா ஆப்லதான போட்டன். ஏன், என்னாச்சு?”

“வா, சொல்றேன்.”

அதற்குள் விஜயகுமார் திரும்பக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னாள். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, “முழுசா நேத்து நிலைக்குத் திருப்பிடு. அதான் சேஃப்” என்றார்.

“முடியாது சார். முழுசா திருப்பினா அது முடியறவரைக்கும் எந்த ஊருக்கும் போன் போகாது. யானை நடந்துக்கிட்டிருக்கு. இன்னைக்கு மத்த ஊர்ல சேத்தவங்களும் போயிடுவாங்க. பிரதியத் தனியா திறந்து இந்த ஊரை மட்டும் எடுக்கறேன்.”

“உனக்கு நம்பிக்கையா?”

“இருக்கு சார்” என்றாள். இருக்கவில்லை.

பிரதி திறப்பதற்குள் அவள் நகத்தைக் கடித்துத் துப்பினாள். திறந்ததும் முதலில் கெம்பனள்ளியை அதன் பழைய எண்ணோடேயே ஊர்களில் சேர்த்தாள். எண் மாறினால் திரும்பி வருகிற ஆட்கள் இல்லாத ஊரைக் கைகாட்டுவார்கள், டேட்டாபேஸ் உள்ளே விடாது. பிறகு ஆட்களை எடுத்துப் போட்டாள். இந்த முறை எந்த விதியையும் நம்பவில்லை. பிரதியில் எத்தனை பேர், இங்கே வந்து சேர்ந்தது எத்தனை பேர் என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். ஒத்துப்போனது. எச்சரிக்கையைத் தானே அழுத்தினாள். போன் போகப் போகத் திரையில் ஒவ்வொரு வரியாகப் பச்சை ஏறியது.

ஆனால் அது நேற்று வரைக்குமான கெம்பனள்ளி. காலையில் சேர்த்த பெண்கள் அதில் இல்லை. இந்தத் தானியங்கிப் போன்களை அனுப்பிக் கொடுக்கும் கம்பெனியில் கேட்டால், காலையில் புதிதாகச் சேர்ந்த யாருக்கெல்லாம் வணக்கம் சொல்லிப் போன் போயிற்று என்று எண்கள் கிடைக்கும். நாளைக்குத்தான் தருவார்கள். அவள் படியிறங்கி ஓடினாள்.

சக்தியின் ஸ்கூட்டி ராயக்கோட்டை ரோட்டில் பறந்தது. வேலை விட்டு வரும் பஸ்கள், தக்காளி ஏற்றிய டெம்போக்கள், எதிர்க்காற்றில் பனி. ரஞ்சிதா பின்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

“காலைல யாரு யாரு பேரு குடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“கொஞ்சம் இருக்குது. சரசம்மா, நாராயணப்பன் வீட்டு சென்னம்மா, அப்புறம் மேலத் தெருவுல நாலஞ்சு பேரு. இவ்ளோ நாளா வீட்டுக்கு ஒரு நம்பர், அதும் ஆம்பளைங்க நம்பர்தான இருந்துச்சு. அவங்க ஃபேக்டரிக்குப் போயிடறாங்க. கொல்லைல நிக்கறது பொம்பளைங்க. அதுக்காகத்தான்க்கா காலைல போனதே.”

கெம்பனள்ளிக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஊர் விழித்துக்கொண்டிருந்தது. சென்னகிருஷ்ணன் முன்னாலேயே வந்து சத்தம் போட்டிருந்தார், போன்களும் அடித்திருந்தன. மாடுகளை உள்ளே கட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள். கோவில் முன்னால் ஒரு டிராக்டர் இரைந்துகொண்டு நின்றது. சக்தி வீடு வீடாக எட்டிப் பார்த்தாள். சரசம்மா இருந்தார். மேலத் தெருப் பெண்கள் இருந்தார்கள்.

நாராயணப்பன் வாசலில் நின்றுகொண்டு போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். போர்த்தியிருந்த துண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.

“சென்னம்மா எங்கண்ணா?” என்றாள் சக்தி.

“ஏரிக்கு அந்தாண்ட கொல்லைக்குப் போயிருக்கறா. ராகிக் குப்பலு மேல தார்ப்பாய் போடணும்னு போனா, பனி எறங்குதுன்னு. அவ போனப்புறந்தான் எனக்குப் போன் வந்துது. அவளுக்கு அடிக்கறன், அந்தப் பள்ளத்துல டவர் எடுக்காது.”

“எப்பப் போனாங்க?” என்று ரஞ்சிதா கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அஞ்சு மணி இருக்கும். போவாதன்னு சொன்னன். ‘காலைல எம்பேரு எழுதிட்டுப் போயிருக்கறாங்க, யானை வந்தா எனக்குப் போன் வராதா, வரலியே’ன்னு காட்டிட்டுப் போனா.”

ரஞ்சிதா சென்னகிருஷ்ணனைக் கூப்பிட ஓடினாள்.

டிராக்டரில் ஆண்கள் ஏறினார்கள். சென்னகிருஷ்ணன் வெடிப் பையோடு முன்னால் போனார். பெண்கள் இருவரும் ஏரிக்கரையைத் தாண்டி வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கரையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்தது: தென்னை நாலைந்து, மோட்டார் கொட்டகை, அதற்குப் பின்னால் கறுப்பாகக் காடு. முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு காட்டின் ஒரு பகுதியே நகர்ந்து வெளியே வந்த மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உருவங்கள் சத்தமில்லாமல் நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை நாளும் அவளுக்கு யானை என்பது திரையில் ஒரு வரி, ஒரு தேதி, ஒரு திசை.

“அக்கா, ராகிக்குத்தான் போகுது” என்று சக்தி கிசுகிசுத்தாள். அவள் விரல்கள் ரஞ்சிதாவின் முழங்கையை அழுத்திக்கொண்டிருந்தன.

டிராக்டர் விளக்கு திரும்பியது. வெடி ஒன்று வெடித்தது, இன்னொன்று. பிளிறல் கேட்டு ஏரித் தண்ணீரே நடுங்கியது போலிருந்தது. ஆட்கள் கத்தினார்கள். அதன்பின் நெடுநேரம், அல்லது நெடுநேரம் போலத் தோன்றிய நேரம், யார் எங்கே என்று ஒன்றும் புரியவில்லை. ரஞ்சிதா குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், கரையில் நாலடி நடந்தாள், திரும்பினாள். மறுக்கவில்லை, மறுக்கவில்லை என்று அதே எண்ணம் சுற்றிச் சுற்றி வந்தது.

டிராக்டர் திரும்பி வந்தபோது சென்னம்மாள் அதில் உட்கார்ந்திருந்தாள். கிளை முறியும் சத்தம் கேட்டதும் தார்ப்பாயைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். வாய்க்காலில் விழுந்து இடது கை மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. எழுந்து மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சுவருக்கு வெளியே உரசிக்கொண்டு போயின என்றாள். ராகிக் குவியலில் பாதி போய்விட்டது, மீதி மிதிபட்டுக் கிடந்தது. வலியை விட, ராகியைச் சொல்லித்தான் அழுதாள். நாராயணப்பன் தன் துண்டை எடுத்து அவள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர்களை ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ரஞ்சிதா தன் அறைக்குப் போனாள். தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது.

காலையில் விஜயகுமார் அவளுக்கு முன்பே ஆபீசில் இருந்தார். முகம் வீங்கியிருந்தது.

“அந்தம்மா நல்லா இருக்கறாங்களாம்ல. கடவுள் காப்பாத்தினார். அறக்கட்டளைக்கு ரிப்போர்ட் அனுப்பணும். நான் யோசிச்சேன். ‘அந்தப் பகுதியில் டவர் பிரச்சினை’ன்னு போட்டுடலாம். பொய்யும் இல்ல, அங்க டவர் எடுக்கலதான.”

“கொல்லைலதான் சார் எடுக்கல. நாலரை மணிக்கு அவங்க வீட்ல இருந்தாங்க. வீட்ல எடுக்குது.”

“சரி. ஹரீஷ் வச்ச செட்டிங்னு எழுதிடு. அதுவும் உண்மைதான?”

அதுவும் உண்மைதான். அதுதான் அவளை அவ்வளவு நேரமும் அரித்துக்கொண்டிருந்தது. ஹரீஷ்குமார் மேல் போட்டால் ஒரு சொல் கூடப் பொய்யாகாது. அவன் பெங்களூரில் எங்கோ சந்தோஷமாக இருக்கிறான், அவனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

“அவன் வச்சது அப்படி. ஆனா பாக்காம அழிச்சது நான் சார். ரெண்டும் ஒரே ஊர்னு முடிவு பண்ணினதும் நான். சென்னகிருஷ்ணன் அண்ணன் ஊர் பேரே வரலைன்னு சொன்னப்பக் கூட முதல்ல அதையே போடுங்கன்னுதான் சொன்னேன்.”

“நான் அவசரப்படுத்தினேன்னும் எழுதுவியா?”

“எழுதாம எப்படி சார்?”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே பேரிங் கடையில் ஷட்டரைத் தூக்கினார்கள். “அவங்க கான்ட்ராக்டை எடுத்துட்டா இந்த ஆபீஸே ஆடிப்போயிடும், தெரியுமில்ல” என்றார். பிறகு, திரும்பாமலே, “நீயே எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு. எழுத்துப்பிழை மட்டும்தான் பாப்பேன்” என்றார்.

முதலில் அவள் விதியை மாற்றினாள். ஊரை அழித்தால் ஆட்கள் அழியக்கூடாது, ஓர் ஆள் இருந்தாலும் மறுக்கவேண்டும். சோதனைக்கென்று ஒரு போலி ஊரையும் போலி ஆளையும் சேர்த்து அழித்துப் பார்த்தாள். மறுத்தது. அதைப் பார்த்தும் நிம்மதி வரவில்லை. நேற்று சுத்தம் செய்த மற்ற ஊர்களை ஒவ்வொன்றாகப் பிரதியோடு ஒப்பிட்டாள். இன்னும் ஏதாவது போயிருக்குமோ என்று எண்ணினாள், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். வேறெதுவும் போகவில்லை. பெயரோடு பஞ்சாயத்தையும் பக்கத்து ஏரியையும் சேர்க்காமல் இனி எந்த ஊரும் உள்ளே வரமுடியாதபடி செய்தாள். பிறகு போன் கம்பெனி அனுப்பிய எண்களை எடுத்துக்கொண்டு, சக்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சென்னம்மாள் மாவுக்கட்டோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், நாராயணப்பன் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். ரஞ்சிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று மத்தியானம் என்ன நடந்தது என்று சொன்னாள். டேட்டாபேஸ் என்று சொல்லாமல் சொல்லப் பார்த்தாள். முடிந்த அளவு சொன்னாள்.

சென்னம்மாள் தலையை நிமிர்த்தினாள். “அப்போ போன் கெட்டுப்போகல?”

“இல்லம்மா.”

“நான்தான் வெளில இருந்தப்ப வந்திருக்குமோ, கேக்காமப் போச்சோன்னு நெனச்சன். ராவெல்லாம் எம்போனத் தட்டிட்டே கெடந்தன்.”

“உங்க போன்ல ஒண்ணுமில்ல. நான் அழிச்சுட்டேன்.”

“எங்க ஊரையேவா?”

“ஆமாம்மா.”

சென்னம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏனம்மா, ஒரு தடவ வந்து பாத்திருக்கக் கூடாதா? ஓசூர்ல இருந்து எவ்ளோ தூரம்?”

மன்னிச்சிடுங்க என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் பரவாயில்லை என்று சொல்லவேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தை அவளுக்குக் கொடுக்க ரஞ்சிதாவுக்கு மனம் வரவில்லை. ஆட்டோ வந்தது. சென்னம்மாள் எழுந்து, நல்ல கையால் சக்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் வர்றீங்கதான? எம்பேர எழுதணும். எங் கண்ணெதுர எழுதணும்” என்றாள்.

அன்று சாயங்காலம் வரை கெம்பனள்ளியில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கையில் இருந்தவை வெறும் எண்கள், எந்த எண் யாருடையது என்று கேட்டுத்தான் பெயர் போடவேண்டும். ஒவ்வொருவரையும் எழுதியதும் ஒரு சோதனைப் போன் அடித்து, அது காதில் விழுந்த பிறகே அடுத்த வீடு. சிலர் ரஞ்சிதாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரசம்மா மோர் கொடுத்தார். மேலத் தெருவின் கோடியில் முனிராஜப்பா என்பவர், பழைய லிஸ்டில் இருந்தவர், தன் எண்ணை எடுத்துவிடச் சொன்னார்.

“பேடம்மா, வேணாம். உங்க போன நம்பி நான் காட்டப் பாக்கறத உட்டுட்டன். இனிமே நானே பாத்துக்கறன்.”

“அண்ணா, இனிமே அப்படி ஆகாதுண்ணா” என்றாள் சக்தி.

“ஆகாதுன்னு இந்தம்மா சொல்லட்டும்.”

ரஞ்சிதாவால் சொல்ல முடியவில்லை. “என்னால ஆன மட்டும் பண்ணியிருக்கேன்” என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளப் போய்விட்டார். அவர் சொன்னபடியே அவர் பெயரை எடுத்தாள். எடுக்கும்போது எத்தனை வரி போகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பலாம் என்று சக்தி வண்டியைத் திருப்பிய நேரத்தில் சென்னம்மாள் வீட்டுக்குள் போன் அடித்தது. அடுத்த வீட்டில் அடித்தது. தெருவின் இரண்டு பக்கமும், முற்றத்தில், மாட்டுக்கொட்டகையில், யாரோ ஒருவரின் மடியில். அதே பெண் குரல் கன்னடத்தில் தொடங்கி ஒன்றுக்கொன்று முந்திக்கொண்டு பேசியது. கூட்டம் இன்னும் சானமாவை விட்டுப் போகவில்லை. கதவுகள் சாத்தப்பட்டன. சென்னம்மாள் மாவுக்கட்டுக் கையை உயர்த்தி, வந்துவிட்டது என்பதுபோல் ரஞ்சிதாவைப் பார்த்துக் காட்டினாள். சிரிக்கவில்லை.

“ஏறுங்கக்கா, இருட்டறதுக்குள்ள ரோடு புடிச்சிடலாம்.”

“ஒரு நிமிஷம்” என்றாள் ரஞ்சிதா. மேலத் தெருக் கோடி வீட்டுக்குப் போன் போயிருக்காது. அவள் செருப்பைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கமாக வேகமாக நடந்தாள். முனிராஜப்பா கொட்டகை வாசலில் மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கூட்டம் வெளில வருதாம். கிழக்கால.”

அவர் நிமிர்ந்து காட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கயிற்றைத் திரும்ப முளையில் சுற்றினார்.

“சரி,” என்றார். “நீ போய்ச் சேரு.”